எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் மூத்தோருக்குத் தொலைமருத்துவ ஆலோசனை: ஆரணிப் பகுதி நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தொலைமருத்துவ ஆலோசனை என்பது, நோயாளியும் மருத்துவரும் ஒரே இடத்தில் இல்லாதபோது தொலைபேசி, காணொளி அழைப்பு அல்லது எழுத்துச் செய்தி வழியாகப் பேசி, அறிவுரையும் தேவைப்படின் மருந்துச் சீட்டும் பெறும் முறையாகும். ஆரணியிலிருந்து மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. முழங்கால் வலியோடு பேருந்தில் சென்று திரும்பி, ஒரு நாள் கூலியையும் இழக்க வேண்டிய முதியவருக்கு இம்முறை பெரிய உதவியாகும்.

எனினும் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் முதியவருக்கு இதில் ஒரு தனி இடர் உண்டு. தொற்றை மறைத்துப் பேசினால், மருத்துவர் உங்கள் சிகிச்சையோடு பொருந்தாத மருந்தை எழுதிவிடக்கூடும். வெளிப்படையாகப் பேசினால், வீட்டிலுள்ள பிறரின் காதில் அது விழக்கூடும். இவ்விரு இடர்களையும் தவிர்த்து ஆலோசனை பெறுவது எவ்வாறு என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

மூத்தோர் என்பவர் யார்?

எச்.ஐ.வி. மருத்துவத்தில் 50 வயதைக் கடந்தவர்களை மூத்தோராகக் கருதுவது வழக்கம். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி மருத்துவர் நிர்மலா ஆகியோரின் ஆய்வில் கண்டறியப்பட்டது. அக்காலத்தில் இதற்குச் சிகிச்சை இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தொடங்கப்பட்டது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை தொடக்கக் கால மையங்களுள் ஒன்று. அந்த ஆண்டுகளில் நாற்பது வயதில் மாத்திரையைத் தொடங்கியவர்கள் இன்று அறுபதைக் கடந்து, பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி. இன்று நீரிழிவைப் போல நெடுநாள் கவனிக்க வேண்டிய ஒரு நிலை.

அத்தொடக்க ஆண்டுகளில் பயன்பட்ட ஸ்டாவுடின் என்ற மருந்து, சிலருக்குக் கன்னம் ஒட்டிப்போதல், பாத எரிச்சல், கால் மரத்துப்போதல் ஆகியவற்றை விட்டுச் சென்றுள்ளது. மருந்து நிறுத்தப்பட்ட பின்னும் இவை தொடரலாம். உங்களுக்கு நீரிழிவும் இருந்தால், பாத எரிச்சல் எதனால் ஏற்படுகிறது என்பதை மருத்துவர் பிரித்தறிய வேண்டும். அதற்கு உங்கள் பழைய சிகிச்சை வரலாறு அவருக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

இதயம், சிறுநீரகம், எலும்பு தொடர்பான நோய்களும் நீரிழிவும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சற்று முன்னதாகவே வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே 50 வயதுக்கு மேல் ஒருவர் ஏ.ஆர்.டி. மையம், இரத்த அழுத்தத்துக்கு ஓர் இடம், கண்ணுக்கு ஓர் இடம் எனப் பல மருத்துவர்களிடம் செல்ல நேர்கிறது. இவர்களுள் ஒருவர் எழுதும் மருந்து மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் தொலைபேசி ஆலோசனையில் அடிக்கடி நேரும் சிக்கல்.

எந்தச் சேவைகள் உள்ளன?

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கப்பட்டது. நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் வசதி 2020 ஏப்ரலில் இதில் சேர்க்கப்பட்டது. கட்டணம் இல்லை. கைபேசி எண்ணைப் பதிவு செய்து, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கொடுத்து உள்நுழைய வேண்டும். வீட்டில் இணையம் இல்லாதவர்கள் அருகிலுள்ள துணை சுகாதார நிலையம் அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாளர் உதவியுடன் இதே சேவையைப் பெற இயலுமா என்று கேட்கலாம். பொத்தான் கைபேசி மட்டுமே உள்ளவர்கள் 104 என்ற மாநில மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். எச்.ஐ.வி. தொடர்பான ஐயங்களுக்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 கட்டணமில்லா எண் உள்ளது. அதில் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மனச்சோர்வு, உறக்கமின்மை, தனிமை ஆகியவற்றுக்கு டெலிமானஸ் 14416 உள்ளது.

ஏ.ஆர்.டி. மாத்திரைகள் இச்சேவைகள் வழியாக வழங்கப்படுவதில்லை. அவற்றை நீங்கள் பதிவு செய்துள்ள மையத்திலிருந்தே பெற வேண்டும். கோவிட் ஊரடங்கின்போது பலருக்கு ஒரே முறையில் மூன்று மாத மாத்திரைகள் வழங்கப்பட்டன. சிகிச்சை நிலைபெற்று, இரத்தத்தில் வைரஸ் அளவு கட்டுக்குள் உள்ளவர்கள் பல மாத மாத்திரைகளைச் சேர்த்துப் பெற இயலுமா, ஊருக்கு அருகில் இணைப்பு ஏ.ஆர்.டி. மையம் உள்ளதா என்று தம் மைய ஆலோசகரிடம் கேளுங்கள். பல முதியவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் தொல்லை என்று நினைப்பார்களோ எனத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை.

எவற்றைத் தொலைபேசியில் பேசலாம்?

வீட்டில் அளந்த இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, வந்துசேர்ந்த பரிசோதனை முடிவுகள், மாத்திரையால் வரும் குமட்டல், உறக்கக் கோளாறு, தோல் தடிப்பு, மாத்திரை தவறிவிட்டால் செய்ய வேண்டியது ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே பேசலாம். சிகிச்சைத் தொடக்கம், மருந்து வகை மாற்றம், இரத்தம் எடுத்தல், எடை பார்த்தல், காசநோய் ஐயம் ஆகியவற்றுக்கு நேரில் வர வேண்டும். சிகிச்சை நிலைபெற்றவர்களுக்கும் வைரஸ் அளவுப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை தேவை. தொலைபேசியில் "நன்றாக இருக்கிறேன்" என்று கூறுவது அதற்கு ஈடாகாது. வைரஸ் அளவு உயரத் தொடங்கும்போது உடலில் எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம்.

தொலைமருத்துவம் உங்கள் விருப்பத்துக்கு உட்பட்டது. நேரில் மருத்துவரைப் பார்க்க விரும்பினால் அதைக் கேட்கலாம். காது சரியாகக் கேட்காதவர், வெள்ளெழுத்தால் திரையைப் படிக்க இயலாதவர், கைபேசியே இல்லாதவர் ஆகியோர் இதனால் சிகிச்சையில் பின்தள்ளப்படக் கூடாது.

உங்கள் மாத்திரையின் பெயர் மருத்துவருக்குத் தெரிய வேண்டியது ஏன்?

இப்போது பெரும்பாலானோர் பெறுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் அடங்கிய, நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. இது நல்ல மருந்து. ஆனால் முதியவர்கள் வழக்கமாக உட்கொள்ளும் வேறு சில மருந்துகளோடு இது மோதும்.

முதலில் வலி மாத்திரையைக் கூற வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் நெய்தவருக்கு இடுப்புவலியும் முழங்கால்வலியும் வருகின்றன. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை தம்மளவிலேயே சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. டெனோஃபோவிரும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. இரண்டையும் சேர்த்துப் பல நாள்கள் உட்கொண்டால், அதுவும் வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு வேலை செய்தால், சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் இடர் கூடுகிறது. தொலைபேசியில் "முழங்கால் வலிக்கிறது" என்று மட்டும் கூறினால், மருத்துவரும் இவற்றுள் ஒன்றையே எழுதக்கூடும். டெனோஃபோவிர் உட்கொள்வதை அறிந்தவர் பாராசிட்டமால் போன்ற வேறு வழியை முதலில் நாடுவார்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அமிலமுறி மருந்துகளில் உள்ள அலுமினியம், மக்னீசியம் ஆகியவை, டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைத் தடுக்கும். அமிலமுறி மருந்துக்கு 2 மணி நேரம் முன்னதாகவோ 6 மணி நேரம் பின்னதாகவோ ஏ.ஆர்.டி. மாத்திரையை உட்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இந்த இடைவெளி பொருந்தும். ஆனால் உணவோடு உட்கொள்வதாயின் இவற்றை ஏ.ஆர்.டி. மாத்திரையுடன் சேர்த்தே விழுங்கலாம். எலும்பு தேய்மானத்துக்கு என்று வீட்டில் பிள்ளைகள் வாங்கித்தரும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இதில் அடங்கும்.

நீரிழிவுக்கான மெட்ஃபார்மின், டோலுடெக்ராவிருடன் சேரும்போது இரத்தத்தில் அதன் அளவு கூடும். ஆகவே அதன் நாளளவு பொதுவாக 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளப்படும். வலிப்புக்கான கார்பமாசெபைன், பெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டோலுடெக்ராவிரின் ஆற்றலைக் குறைப்பவை. இவற்றைத் தொடங்கும் முன் ஏ.ஆர்.டி. மையத்தின் அறிவுரை கட்டாயம்.

இரண்டாம் நிலைச் சிகிச்சையில் அட்டாசனாவிர், லோபினாவிர் போன்றவற்றை ரிட்டோனாவிருடன் சேர்த்து உட்கொள்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் இவர்களுக்குக் கூடாது. முழங்காலில் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகூட இவர்களுடைய உடலில் பல வாரங்கள் தங்கித் தீங்கு செய்யலாம். அட்டாசனாவிர் உட்கொள்பவர் ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையைத் தாமாக வாங்கக் கூடாது.

தகவல் தெரியாததால் தேவையற்ற அச்சமும் எழலாம். டோலுடெக்ராவிர், சிறுநீரகத்துக்குக் கேடு செய்யாமலேயே இரத்தத்தில் கிரியாட்டினின் அளவைச் சற்று உயர்த்திக் காட்டும். இந்த மருந்தைப் பற்றி அறியாத மருத்துவர், முடிவைப் பார்த்துச் சிறுநீரக நோய் என்று கூறக்கூடும். எவர் கூறினாலும், உங்கள் மையத்தை அழைத்துக் கேட்காமல் ஏ.ஆர்.டி. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தறி உள்ள வீட்டில் தனிமையாகப் பேசுவது எப்படி?

ஆரணி, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களில் பல வீடுகளின் முன்பகுதியைத் தறியே எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய இடத்தில் மூன்று தலைமுறையினர் வாழ்கிறார்கள். சுவர் பொதுச் சுவர். பேச்சு அடுத்த வீட்டில் கேட்கும். தறி ஓடும்போது பேசினால் மருத்துவருக்குக் கேட்காது. தறியை நிறுத்தினாலோ, ஏன் நின்றது என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். "தனி அறையில் அமர்ந்து பேசுங்கள்" என்ற வழக்கமான அறிவுரை இங்கே பொருந்தாது. இத்தொற்று எத்தொழிலுக்கும் எச்சமூகத்துக்கும் உரியது அன்று. வீட்டின் அமைப்பு மட்டுமே இங்குப் பொருள்.

ஆகவே நோயின் பெயரை உரக்கச் சொல்லாமலே மருத்துவருக்குத் தெரிவிக்கும் வழிகளை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் உங்கள் எல்லா மாத்திரைகளின் மருந்துப் பெயர்களையும் அளவையும் எழுதி வைத்து, காணொளியில் அத்தாளைக் காட்டுங்கள். அல்லது மாத்திரைக் குப்பியின் பெயர்ச்சீட்டைக் காட்டுங்கள். டோலுடெக்ராவிர் என்று படித்தவுடன் மருத்துவர் புரிந்துகொள்வார். பக்கத்தில் இருப்பவருக்கு அது வேறொரு மாத்திரையின் பெயர்தான். எழுதத் தெரியாவிட்டால், மைய ஆலோசகரிடமோ மருந்தாளுநரிடமோ எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அழைப்பின் தொடக்கத்திலேயே, "அருகில் ஆள்கள் இருக்கிறார்கள், ஆம், இல்லை என்று மட்டும் பதில் கூறுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் அதற்கேற்பக் கேள்விகளை அமைத்துக்கொள்வார். காதில் பொருத்தும் ஒலிக்கருவி இருந்தால், மருத்துவர் பேசுவது பிறருக்குக் கேட்காது. ஒலிபெருக்கியைப் போடாமல் கேட்க முடியாத அளவுக்குச் செவித்திறன் குறைந்தவர்கள், வீட்டைவிடச் சுகாதார நிலையத்தில் அமர்ந்து பேசுவதே நல்லது. கோயில் மண்டபம், ஏரிக்கரை எனத் திறந்தவெளிக்குச் சென்று பேசுபவர்களும் உண்டு. அங்கே கைபேசித் தொடர்பு நன்றாக இருந்தால், அதுவும் சரியே.

கைபேசி மகனுடையதாக இருந்தால்

பல வீடுகளில் இணைய வசதியுள்ள ஒரே கைபேசி மகனிடமோ மருமகளிடமோ உள்ளது. கடவு எண் அந்தக் கைபேசிக்கே வரும். பின்னர் அதே எண்ணைக் கொண்டு உள்நுழைபவர், உங்கள் மருந்துச் சீட்டைப் பார்க்க நேரிடலாம். பரிசோதனை முடிவைப் படம் எடுத்து அனுப்பினால், அப்படம் கைபேசியின் படத்தொகுப்பிலும் தங்கிவிடும். அனுப்பிய பின் இரண்டு இடங்களிலும் அழித்துவிடச் சொல்லுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தோன்றாதவாறு அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். மையத்தின் எண்ணை எப்பெயரில் பதிவது என்பதும் உங்கள் விருப்பமே.

உங்கள் தொற்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது எனில், பிறருடைய கைபேசி வழியாக எச்.ஐ.வி. பற்றிப் பேசாமல் இருப்பதே பாதுகாப்பானது. குறைந்த விலைப் பொத்தான் கைபேசி ஒன்று உங்கள் பெயரில் இருந்தால், ஏ.ஆர்.டி. மையத்துடன் பேச அதுவே போதும். எந்நேரத்தில் உங்களை அழைக்கலாம், வேறு எவரேனும் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் ஆலோசகரிடம் முன்னரே கூறி வையுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல், தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்கள் பெரும்பாலும் உங்கள் பகுதியைச் சேர்ந்தவர்களே. இரத்த அழுத்தம் பார்க்க வருபவரிடம் உங்கள் தொற்றைக் கூற வேண்டிய தேவை இல்லை. அம்மாத்திரையை எழுதும் மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பராமரிப்பாளர் கவனத்துக்கு

2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளின்படி, நோயாளி உடன் இருக்கும்போது பராமரிப்பாளர் அவருக்காகப் பேசலாம். நோயாளி உடன் இல்லாவிட்டால், அவருடைய எழுத்துவழி ஒப்புதலோ உறவை உறுதிசெய்யும் ஆவணமோ வேண்டும், அல்லது முன்பு நேரில் வந்தபோது நோயாளியே உங்களை மருத்துவரிடம் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். நினைவிழந்த நிலை போன்றவற்றில் இவ்விதி தளரும். இரு தரப்பினரும் தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதால், வேறு பெயரில் ஆலோசனை பெற முயலாதீர்கள். மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் சீட்டில் இருக்கும்.

அழைப்பில் நீங்களே எல்லாவற்றுக்கும் பதில் கூறிவிடாதீர்கள். உடல்நலம் பற்றித் தந்தை மகனுக்கு முன் கூறாத செய்திகள், தாய் மருமகளுக்கு முன் கூறாத செய்திகள் உண்டு. சில நிமிடங்களேனும் அவரைத் தனியே பேச விடுங்கள். மருந்து மறந்துபோகிறது, வழக்கமான வேலையில் குழப்பம் வருகிறது எனில், வயது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூறுங்கள். அவரோடு ஒரே தட்டில் உண்பதாலும், உடையைத் துவைப்பதாலும், பேரக்குழந்தையை அவர் தூக்குவதாலும் தொற்று பரவாது. சிகிச்சையால் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து பாலுறவின் வழியாகவும் பரவாது.

சட்டப் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுவாக, நீதிமன்ற ஆணையின்றி உங்கள் தொற்றை வெளிப்படுத்த எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் எழுத்துவழி ஒப்புதலின்றி மருத்துவமனைப் பணியாளர் அதைப் பிறரிடம் கூறக் கூடாது. உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஒரு மருத்துவர், அச்சிகிச்சைக்குத் தேவையான அளவில் மற்றொரு மருத்துவரிடம் தெரிவிப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அவர் உங்கள் மகனிடமோ அண்டை வீட்டாரிடமோ தெரிவிக்க இது இடம் தராது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கப்பட்டாலோ தகவல் கசிந்தாலோ, இச்சட்டத்தின்கீழ் மாநில அரசு அமர்த்தும் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். முறையிடும் வழியை ஏ.ஆர்.டி. மையத்திலோ 1097 எண்ணிலோ கேட்டறியலாம்.

தொலைபேசியில் காத்திருக்கக் கூடாத நிலைகள்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், வாய் கோணுதல், திடீர்க் குழப்பம், வலிப்பு, சிறுநீர் மிகக் குறைந்துபோதல் ஆகியவற்றில் காணொளி அழைப்புக்காகக் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனைக்கு நேரில் செல்லுங்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதில் நாள்களைக் கணக்கிட்டுக் காத்திருத்தல் கூடாது. மாத்திரைப் பெயர்கள் எழுதிய தாளின் மற்றொரு படியை ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டையோடு ஒரே உறையில் வைத்திருங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவ்வுறையையும் அன்றைய மாத்திரையையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.